கிளாஸில் கண்டது: விஸ்கி, பப் பீர் – அனுபவப் பகிர்வு (ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

மரப்பீப்பாய்

காஸ்க் ஸ்ட்ரெங்த், அதாவது பீப்பாயிலிருந்து எடுத்துத் தண்ணீர் சேர்க்காத சிங்கிள் மால்ட் விஸ்கி. 58 சதவீத ஆல்கஹால், சில் ஃபில்டர் செய்யாதது என்று லேபிளிலேயே இருந்தது. 45 மி.லி. ஊற்றி இரண்டு ஐஸ் கட்டி போட்டாயிற்று. அதுவரை தேன் நிறத்தில் பளிச்சென்று இருந்த சரக்கு, கட்டி கரையக் கரைய ஓரத்தில் புகை படர்ந்தாற்போல் மங்கி, கடைசியில் மூச்சுக்காற்று பட்ட கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. "கலப்படம்" என்று ஒரே வார்த்தை, முழுசும் சிங்க்கில் போயிற்று. பாட்டிலும் பின்னாலேயே போகப் பார்த்தது. அந்த மங்கல்தான் இன்னும் உறுத்துகிறது.

தெரியாதவர்களுக்கு: காய்ச்சும்போதும் பீப்பாயில் கிடக்கும்போதும் விஸ்கியில் கொழுப்பு அமிலங்களும் அவற்றின் எஸ்டர்களும் சேர்கின்றன. ஆல்கஹால் கூடுதலாக இருக்கும்வரை அவை கரைந்தே கிடக்கும். 46 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலோ, சரக்கு நன்றாகக் குளிர்ந்தாலோ, ஒன்றோடொன்று ஒட்டி வெளியே தெரியும். ஐஸ் இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறது. 40, 43 சதவீதத்தில் வரும் பாட்டில்கள் பெரும்பாலும் மங்காததற்குக் காரணம், ஏறக்குறைய பூஜ்ய டிகிரிக்குக் குளிரவைத்து அந்தக் கொழுப்பை முன்பே வடிகட்டி எடுத்துவிடுவதுதான். சில் ஃபில்டர் என்பது இதைத்தான். வாயில் வழவழவென்று நிற்கிற கனமும் அதோடு கொஞ்சம் போகும். மங்கலை வைத்துக் கலப்படம் கண்டுபிடிக்க முடியாது.

துளிக்கணக்கு

காரணம் சரி. ஆனால் 58 சதவீதச் சரக்கில் எடுத்த எடுப்பில் ஐஸ் போட்டதே தப்பு. குளிர்ந்த சரக்கில் மணம் எழும்பாது. காசு கொடுத்து வாங்கியதே மணத்துக்காகத்தான்.

தண்ணீருக்குக் கணக்கு இருக்கிறது: ஊற்றிய அளவு × இப்போதைய சதவீதம் ÷ வேண்டிய சதவீதம் = மொத்த அளவு. 30 மி.லி., 60 சதவீதம், 45-க்கு இறக்க வேண்டும் என்றால் 30 × 60 ÷ 45 = 40. ஆக 10 மி.லி. தண்ணீர், அதாவது இரண்டு டீஸ்பூன். 40-க்கு இறக்க 15 மி.லி. ஆல்கஹாலும் தண்ணீரும் கலக்கும்போது மொத்த அளவு ஒரு துளி சுருங்கும், அதைக் கண்டுகொள்ள வேண்டாம். முழுவதையும் ஒரே தடவையில் ஊற்றாமல் பாதி ஊற்றி முகர்ந்து பார்த்துவிட்டு மீதியை விடுங்கள். ஸ்ட்ராவைத் தண்ணீரில் முக்கி, மேல் ஓட்டையை விரலால் மூடி எடுத்தால் சொட்டுச் சொட்டாக விடலாம். சொட்டு விழுந்த இடத்தில் எண்ணெய் இழை மாதிரி ஒரு நெளிவு ஓடும் பாருங்கள், அதைப் பார்ப்பதற்காகவே வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்க வேண்டும்.

இது வெறும் நம்பிக்கை என்று சொல்பவர்களுக்கு: புகை மணம் தரும் குவையகோல் என்ற மூலக்கூறு 45 சதவீதம் வரை திரவத்தின் மேற்பரப்பில் ஒதுங்குகிறது, 59-க்கு மேல் போனால் ஆல்கஹால் சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது என்று ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் கணினி மாதிரியில் காட்டினார்கள். மூக்குக்கு எட்டுவது மேற்பரப்பில் இருப்பதுதானே.

நுரைக்கோடு

விஸ்கிக்காரர்கள் சற்று நகருங்கள், பீருக்கு வருகிறேன்.

ஒரு பைண்ட் (அரை லிட்டருக்குச் சற்று மேல்) லாகர் பீர். ஊற்றி வைத்த அரை நிமிடத்தில் நுரை சரிந்து, ஓரத்தில் மெல்லிய வளையம் மட்டும் மிச்சம். கிளாஸின் உட்புறம் முழுக்க அம்மைக் கொப்புளம் மாதிரி குமிழிகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. "பீரில் கேஸ் இல்லை" என்று சண்டை. கேஸ் இல்லாமல் அத்தனை குமிழி எங்கிருந்து வரும்? கிளாஸ்தான் அழுக்கு. எண்ணெய்ப் பசை, லிப்ஸ்டிக், சரியாக அலசாத சோப்பு, துடைத்த துணியின் நூல், எது இருந்தாலும் குமிழி அங்கே ஒட்டும். அதில் எண்ணெயும் சோப்பும் நுரையையும் கொன்றுவிடும். சுத்தமான கிளாஸில் குமிழி நேராக மேலே ஓடும், ஒவ்வொரு மிடறுக்கும் ஒரு நுரைக்கோடு சுவரில் பதிந்து நிற்கும். குடித்து முடித்த கிளாஸைப் பார்த்தே எத்தனை மிடறில் காலியானது என்று எண்ணிவிடலாம்.

சோதிப்பது சுலபம். காலி கிளாஸைத் தண்ணீரில் நனைத்து உள்ளே உப்பைத் தூவுங்கள். உப்பு ஒட்டாத இடத்தில் பசை இருக்கிறது. பீர் கிளாஸுக்குத் தனி ஸ்பாஞ்ச் வையுங்கள், பால் குடித்த டம்ளரோடு சேர்த்துக் கழுவாதீர்கள். கடைசியாகக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, கம்பி ரேக்கில் கவிழ்த்துத் தானாகக் காயவிட வேண்டும். துணி மேல் கவிழ்த்தால் உள்ளே காற்று அடைபட்டு, அந்த வாடை பீரில் ஏறும்.

ஃப்ரீசரில் வைத்த கிளாஸ் வேறு ஒரு கூத்து. உள்சுவரில் படிந்த பனித்துகள் பட்டதும் பீர் தாறுமாறாகப் பொங்கும். அது உருகினால் பீரில்தான் தண்ணீர் சேரும்.

குழாயடி

எல்லாப் பழியையும் கிளாஸ் மேல் போடாதீர்கள் பாஸ். நுரை நன்றாக நின்று, குமிழியும் ஒட்டாமல், வாயில் வைத்தால் உருக்கிய வெண்ணெய் வாடை அடிக்கிற பைண்ட்டை என்ன சொல்வீர்கள்? அது டயசெடைல். சில வகை பீரில் கொஞ்சம் இருப்பது வழக்கம்தான். நேற்று இல்லாமல் இன்று புதிதாக அடித்தால் குழாயில் பாக்டீரியா குடியேறிவிட்டது. வினிகர் புளிப்பு வந்தாலும் அங்கேதான் முதலில் பார்க்க வேண்டும்.

பிரித்துப் பார்க்கும் விதம்: குமிழி சுவரில் ஒட்டினால் கிளாஸ். வாடை, புளிப்பு என்றால் குழாய். நுரை நுரையாகவே கொட்டினால் பீர் சூடேறியிருக்கிறது, இல்லையென்றால் கேஸ் அழுத்தம் தப்பு. நிலவறையிலிருந்து கவுண்டர் வரை வரும் குழாயை ஏழு நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும். குழாய் கழுவும் லைன் கிளீனரை அதன் லேபிளில் குறிப்பிட்ட அளவில் கலந்து குழாயில் நிரப்பி, சொன்ன நேரம் ஊறவிட்டு, வாடை முழுக்கப் போகும்வரை தண்ணீர் ஓட்ட வேண்டும். சோம்பேறித்தனம் தெரியும் இடம் நாஸில், அதாவது பீர் ஊற்றும் குழாயின் வாய். அதைத் தினமும் கழற்றிக் கழுவாமல் விட்டால் மற்றதெல்லாம் செய்தும் வீண். ஊற்றும்போது அந்த நாஸில் பீருக்குள் முங்கினால் அந்தக் கிளாஸை அப்படியே திருப்பிக் கொடுக்கலாம், கூச்சப்பட வேண்டாம்.

புகைமூட்டம்

@துளிக்கணக்கு, குவையகோல் பேச்சு எடுத்ததால் சொல்கிறேன். பீட் (சதுப்பு நிலத்தில் வெட்டியெடுக்கும் கரிமண்) புகையில் காய்ந்த மால்ட் விஸ்கிக்கு உங்கள் 40 சதவீதம் ஒத்துவராது. அவ்வளவு தண்ணீரில் இனிப்பு கரைந்து போய்ச் சாம்பல் மட்டும் நாக்கில் நிற்கும். 48-லேயே நிறுத்திவிடுவேன்.

இன்னொன்று, ஆர்ட்பெக் என்ற ஸ்காட்லாந்து விஸ்கி 55 பிபிஎம் (பத்து லட்சத்தில் 55 பங்கு) என்று எண்ணைச் சொல்லி மிரட்டுகிறார்களே, அது காய்ந்த பார்லி மால்ட்டில் அளந்த ஃபீனால், புகை மணம் தரும் சேர்மம். காய்ச்சும்போது அதில் பெரும்பகுதி போய்விடும். பாட்டிலில் அவ்வளவு இருக்காது. கடைசிச் சொட்டும் தீர்ந்த கிளாஸைக் கழுவாமல் வைத்து மறுநாள் காலையில் முகர்ந்து பாருங்கள். அணைந்த அடுப்பின் மணம் அப்படியே இருக்கும். எனக்கு அதற்குப் பிறகுதான் பீட் என்றால் என்னவென்று புரிந்தது.

நிலவறை

கேஸ் அழுத்தத்தில் குழாய் வழியே வரும் கெக் பீரைப் பற்றியே பேசுகிறீர்கள். காஸ்க் ஏலை யாரும் தொடவில்லை. பீப்பாயிலேயே ஈஸ்ட் உயிரோடு இருக்கும் சரக்கு அது. பிரிட்டிஷ் பப்களில் அது அழிந்துபோகாமல் இருக்க 1971-இல் கேம்ரா என்று ஓர் இயக்கமே தொடங்கினார்கள்.

பார்க்க வேண்டிய கணம் ஒன்று உண்டு. ஒன்பது காலன் ஃபர்கின் பீப்பாய், அதாவது 72 பைண்ட். பீப்பாய்த் தாங்கியில் அசையாமல் படுக்க வைத்திருக்கிறது. மேலே உள்ள மர அடைப்பின் நடுவில் ஸ்பைல் என்ற சின்ன ஆப்பை அடித்து இறக்குகிறார்கள். 'புஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு, பிறகு ஆப்பின் மரத்துளைகள் வழியாகவே வெள்ளை நுரை கொப்பளித்து ஏறிப் பீப்பாயின் வயிற்றில் வழிகிறது. துடைத்துவிட்டால் மறுபடி ஏறும். அது அடங்கும்வரை பீரைத் தொடக்கூடாது. அடங்குவதற்கு முன் ஊற்றிய பைண்ட் ஈஸ்ட் வாடையோடு கலங்கலாகத்தான் வரும்.

முதலில் அடிப்பது காற்றுப் புகும் மென்மையான ஸ்பைல். துடைத்த நுரை திரும்ப எழ நேரமெடுத்தால் கேஸ் அடங்கிவிட்டது, அப்போது கெட்டி மர ஸ்பைலுக்கு மாற்றி மிச்ச கேஸைக் காக்க வேண்டும். ஒரு நாளாவது அசையாமல் கிடக்க விடுங்கள். மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் பீப்பாயிலேயே கலந்திருக்கும், அதுதான் ஈஸ்ட்டைப் பிடித்து அடியில் உட்கார வைப்பது. நிலவறை 11 முதல் 13 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். சூடேறினால் கேஸ் போய்ச் சப்பென்று ஆகும், அதிகம் குளிர்ந்தால் மங்கும். (மரப்பீப்பாய் சொன்ன விஸ்கி மங்கல் கொழுப்பால் வருவது. இங்கே புரதமும் பாலிஃபீனாலும்.)

ஊற்றத் தொடங்கியதும் கெட்டி ஸ்பைலைத் தளர்த்த வேண்டும். மறந்தால் உள்ளே வெற்றிடம் ஏற்பட்டு ஹேண்ட் பம்ப் இழுக்கவே இழுக்காது. பம்ப் கெட்டுவிட்டது என்று கழற்றிப் போட்டுத் தேடுவார்கள்! கடை மூடும்போது திரும்ப அடித்து இறக்குங்கள். மறந்தால் இரவு முழுக்கக் கேஸ் போய்விடும். காற்று உள்ளே போகிற பீர் என்பதால் திறந்த பிறகு மூன்று நாள்தான். அதற்குமேல் புளிப்பு எட்டிப் பார்க்கும்.

பாதிக்கும் மேல் சரக்கு இருக்கும்போதே பின்பக்கத்தை மெல்லத் தூக்கிச் சாய்த்துவிட வேண்டும். கடைசியில் சாய்த்தால் அடியில் உட்கார்ந்த வண்டல் எல்லாம் ஒரே அலையாகக் குழாய்க்கு வரும்.

அரைபைண்ட்

@நிலவறை எல்லாம் சரி, பம்பின் மூக்கில் மாட்டும் ஸ்பார்க்ளரை விட்டுவிட்டீர்கள். சின்னச் சின்ன ஓட்டை போட்ட மூடி. இங்கிலாந்தின் வடக்கே அது இல்லாமல் ஊற்றினால் பீரைத் தொடமாட்டார்கள். தெற்கே அதைக் கண்டால் கழற்றச் சொல்வார்கள். நுரை க்ரீம் மாதிரி வரும், உண்மை. ஆனால் பீரில் இருக்கும் கொஞ்சநஞ்சக் கேஸும் ஹாப் (கசப்புக்காகச் சேர்க்கும் பூ) தரும் கசப்பில் பாதியும் அந்த நுரைக்குள் போய்விடும். மால்ட் தூக்கலான பிட்டர் வகை ஏலுக்குப் போடலாம். ஹாப் தூக்கலானதுக்குப் போட்டால் வீண் செலவு.

நிலவறை

வடக்கத்திப் பிட்டர் அந்த மூடியை மனதில் வைத்தே காய்ச்சுவது. பீரைச் செய்தவர் எப்படி ஊற்றச் சொல்கிறாரோ அப்படி ஊற்றுங்கள். கசப்பில் பாதி போகும் என்று எந்தத் தராசில் நிறுத்தீர்கள்?

கறுப்புக்கிளாஸ்

கின்னஸ் என்ற அயர்லாந்துக் கறுப்பு பீரில் குமிழி கீழ்நோக்கி இறங்குவதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்களா? கண் ஏமாற்றவில்லை, நிஜமாகவே இறங்குகிறது. கிளாஸ் மேலே அகலம், கீழே ஒடுக்கம். நடுவில் குமிழிகள் பீரை இழுத்துக்கொண்டு மேலேறுகின்றன, அந்தப் பீர் சுவரோரமாகத் திரும்ப இறங்குகிறது. நைட்ரஜன் குமிழி மிகச் சின்னது, அந்த ஓட்டத்தை எதிர்க்கத் தெம்பில்லாமல் கூடவே இறங்கிவிடும்.

கிளாஸை 45 டிகிரி சாய்த்து முக்கால் வரை ஊற்றி, கீழே வைத்துவிட வேண்டும். பழுப்பு அலை அடங்கி, கறுப்பும் வெள்ளையும் கோடு பிரிந்த பிறகு, கைப்பிடியை மறுபக்கம் தள்ளி மீதியை மெதுவாக நிரப்ப வேண்டும். ஊற்றி முடிக்க 119.5 விநாடி என்பது விளம்பரத்துக்கு அழகு. கோடு பிரிந்ததா என்று கண்ணால் பார்த்தாலே போதும். நுரைக்காக உள்ளே கேஸ் அடைத்த விட்ஜெட் உருண்டை உள்ள கேன் என்றால் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். சரியாகக் குளிராததைத் திறந்தால் பாதி மேஜைக்குத்தான்.

கடைசிமிடறு

பழைய பாட்டிலின் கார்க் கழுத்திலேயே உடைந்து பாதி உள்ளே விழுந்தது. அவ்வளவுதான் விஷயம்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். விஸ்கியை ஒயின் மாதிரிப் படுக்க வைக்காதீர்கள். 40 சதவீத ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும். நிமிர்த்தியே வைத்து, எப்போதாவது ஒருமுறை சில விநாடி கவிழ்த்துக் கார்க்கை நனையவிட்டால் காய்ந்து உடையாது. உடைந்தால் காபி ஃபில்டர் தாளில் வடிகட்டிச் சுத்தமான பாட்டிலுக்கு மாற்றுங்கள். கார்க் விழுந்ததால் சரக்கு கெடாது.

மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிய பாட்டிலில் காற்றுதான் அதிகம். மாதக்கணக்கில் விட்டால் முதலில் பழ மணம் போகும். சின்ன பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி மூடிவிடுங்கள். ஜன்னலோரம் வேண்டாம், வெயிலில் நிறமும் போகும் மணமும் போகும். முக்கியமாக, மூடிய பாட்டிலை இருபது வருஷம் பூட்டி வைத்து "முதிர்ந்திருக்கும்" என்று காத்திருக்காதீர்கள். முதிர்வதெல்லாம் பீப்பாயில். 12 வருஷச் சரக்கு எப்போது திறந்தாலும் 12 வருஷச் சரக்குதான். அந்த 12 என்பதும் கலந்தவற்றில் மிக இளையதன் வயது.

நுரைக்கோடு

வெயில் என்றதும் ஞாபகம் வந்தது. பச்சை பாட்டில் பீரை வெயில் படும் மேஜையில் வைத்து நிமிடக்கணக்கில் அரட்டை அடித்தால் ஸ்கங்க் என்ற பிராணியின் நாற்றம் ஏறும். ஹாப்பின் கசப்புப் பொருள் வெளிச்சத்தில் சிதைந்து கந்தகச் சேர்மம் ஆவதால் வருவது, குளிரவைத்தாலும் போகாது. பழுப்பு பாட்டில் ஓரளவு தடுக்கும், கேன் முழுக்கத் தடுக்கும். கிளாஸில் ஊற்றிவிட்டால் எதுவும் தடுக்காது, நிழலுக்கு நகர்த்துங்கள்.

மரப்பீப்பாய்

@துளிக்கணக்கு, உங்கள் கணக்கைச் சிங்க்கில் போனதற்குப் போட்டுப் பார்த்தேன். 45 மி.லி., 58 சதவீதம். இரண்டு கட்டியில் 20 மி.லி. கரைந்தது என்று வைத்தால் 45 × 58 ÷ 65, நாற்பது சதவீதத்துக்கு வந்துவிட்டது. அதுவும் ஐஸ் குளிரில். மங்காமல் இருந்திருந்தால்தான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பாட்டில் இன்னும் முக்கால் இருக்கிறது. ஸ்ட்ராவும் எடுத்து வைத்தாயிற்று.