வீகன் சன்ஸ்கிரீன் நம் குமரி மாவட்டத்தில் எங்கே கிடைக்கும்?

வணக்கம். விலங்குப் பொருள் எதுவும் சேராத, விலங்குகள் மேல் சோதிக்கப்படாத சன்ஸ்கிரீன் ஒன்றைத் தேடிச் சலித்துவிட்டேன்.

எனக்கு ஊர் தக்கலை, வேலை குளச்சலில். பகலில் பாதி நேரம் ஸ்கூட்டரில்தான் போகிறது. எண்ணெய்ப் பசையுள்ள சருமம். சித்திரை முதல் கன்னங்களில் கருமை படர்கிறது, நெற்றியில் சிறு பருக்கள். தோல் மருத்துவர் எஸ்பிஎஃப் (வெயிலிலிருந்து காக்கும் அளவு) 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனைப் பூசச் சொன்னார். அவர் எழுதித் தந்த கிரீமில் தேன்மெழுகும் லனோலினும் இருந்தன. லனோலின் ஆட்டு ரோமத்திலிருந்து எடுப்பது; எனக்கு அது வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் பூசிப் பார்த்தேன், பருக்கள் கூடின. மார்த்தாண்டத்தில் வாங்கிய கைத்தயாரிப்புக் கிரீமிலும் தேன்மெழுகுதான். தேனுக்குப் பெயர்போன ஊரில் அது இயல்பே. நாகர்கோவில் கடைகளில் வீகன் கேட்டால் மூலிகைக் கிரீமை எடுத்து நீட்டுகிறார்கள். மூலிகையோடு பாலும் தேனும் சேர்ந்திருந்தால் என்ன பயன்?

அழகுசாதனங்களை விலங்குகள் மேல் சோதிக்க இந்தியாவில் 2014 முதல் தடை இருக்கிறது. ஆகவே எனக்குப் பெரிய குழப்பம் மூலப்பொருளில்தான். கிரீம்களில் சேர்க்கும் கிளிசரின், ஸ்டியரிக் அமிலம் இரண்டும் தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். லேபிளைப் பார்த்து எப்படிப் பிரிப்பது? ஒரு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன், பதில் வரவில்லை.

வியர்வையில் வழியாத, 500 ரூபாய்க்குள் அடங்கும், வீகன் சான்று பெற்ற சன்ஸ்கிரீனை நீங்களே பூசிப் பார்த்திருந்தால், அது எது, குமரி மாவட்டத்தில் எந்தக் கடையில் வாங்கினீர்கள்?