முகம் காட்டாத ஷெம்ப்

பழைய சிரிப்புக் குறும்படங்களில் காட்சி ஒட்டாத இடங்களைக் கவனித்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். நனைந்த சட்டை அடுத்த ஷாட்டில் காய்ந்திருக்கும், விழுந்த தொப்பி தலையில் இருக்கும். அதெல்லாம் பார்த்த கையோடு மறந்துபோகும். மறக்காமல் நிற்பது அமெரிக்கச் சிரிப்பு நடிகர் குழுவான த்ரீ ஸ்டூஜஸின் 'ஸ்கீமிங் ஸ்கீமர்ஸ்' (1956).

குழாய் ரிப்பேருக்கு வரும் மோ, லாரி, ஷெம்ப் மூவரில் ஷெம்ப் மட்டும் சில ஷாட்டுகளில் முகத்தையே காட்ட மாட்டார், முதுகுதான் தெரியும். வேறு ஷாட்டில் பார்த்தால் நேராக நின்று பேசுவார். எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது, அப்புறம்தான் விவரம் தேடிப் படித்தேன். அந்த முதுகு ஜோ பால்மா என்ற துணை நடிகருடையது. ஷெம்ப் 1955 நவம்பரிலேயே இறந்துவிட்டார். படக் கம்பெனியான கொலம்பியாவுக்கு இன்னும் நான்கு படங்கள் பாக்கி. 1949 படங்களின் துண்டுகளை எடுத்து, பால்மாவைத் திருப்பி நிற்கவைத்துக் கொஞ்சம் புதிதாகப் பிடித்து ஒட்டிவிட்டார்கள். அதனால் மோவுக்கும் லாரிக்கும் ஒரே கதைக்குள் ஏழு வயது கூடும், குறையும். இப்படி ஒப்பேற்றுவதற்கு 'ஃபேக் ஷெம்ப்' என்றே சினிமாவில் பெயர் நிலைத்துவிட்டது.

என்னை உலுக்கியது கடைசியில் வரும் கிரீம் வீச்சுச் சண்டை. அதுவும் இரவல்தான், 1947இல் வெளியான 'ஹாஃப்-விட்ஸ் ஹாலிடே' படத்திலிருந்து எடுத்தது. அந்தப் படப்பிடிப்பில்தான், ஷெம்புக்கு முன் மூவரில் ஒருவராக இருந்த கர்லிக்குப் பக்கவாதம் வந்தது. மற்றவர்கள் முகமெல்லாம் கிரீம் வழிய நிற்கும் அந்தச் சண்டையில் அவர் இல்லாததற்கு அதுதான் காரணம். மோ, கர்லி, ஷெம்ப் மூவரும் கூடப்பிறந்தவர்கள். தம்பி விழுந்த படப்பிடிப்பில் எடுத்ததை, அண்ணன் போன பிறகு எடுத்த படத்தில் சேர்த்திருக்கிறார்கள். இரண்டையும் தாங்கிக்கொண்டு மோ நடித்திருக்கிறார். இதைப் பிழைப் பட்டியலில் ஒரு வரியாகப் போட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

'ஹோல்ட் தட் லயன்' (1947) படத்தில் கர்லி ஒரு ரயில் பயணியாகக் கொஞ்ச நேரம் வருவார். மொட்டைத் தலையில் முடி வளர்ந்திருக்கும், மூக்கில் துணி கிளிப் மாட்டிக்கொண்டு தூங்குவார். சகோதரர் மூவரும் சேர்ந்து வந்த ஒரே படம் அது. 1952 ஜனவரியில் கர்லி இறந்தார். அடுத்த வருஷம் வந்த 'பூட்டி அண்ட் தி பீஸ்ட்' படத்திலும் அதே துண்டுதான், அதே தூக்கம்தான்.

'ஸ்கீமிங் ஸ்கீமர்ஸ்' பார்ப்பவர்கள் அதன் மூலமான 'வேகபாண்ட் லோஃபர்ஸ்' (1949) படத்தை முதலில் பார்த்துவிடுங்கள். எந்த ஷாட் எப்போது எடுத்தது என்று மோவின் முகமே சொல்லிவிடும்.