ஹாட்டி மெக்டேனியல் நடித்த படத்தின் டிவிடி ஓடவில்லை, வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எங்கள் ஊர் நூலக வாசகர் கூட்டத்தில் ஹாட்டி மெக்டேனியல் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன், இன்னும் 9 நாள்தான் இருக்கிறது. அடிமைகளாக இருந்த பெற்றோரின் மகள், மில்வாக்கியில் ஒரு விடுதியில் கழிவறைப் பணியாளராக இருந்து அங்கேயே பாடகியானவர், 'கான் வித் த விண்ட்' படத்துக்காக 1940-இல் துணை நடிகைக்கான ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர். அந்த இரவிலும் சக நடிகர்களோடு உட்கார வைக்காமல் சுவரோரமாகத் தனி மேசை போட்டார்கள், அதைப் படித்ததிலிருந்து மனது ஆறவே இல்லை.

எல்லோரும் அந்த ஒரு படத்தைத்தான் பேசுகிறார்கள். எனக்கு 1935-இல் வந்த 'ஆலிஸ் ஆடம்ஸ்' விருந்துக் காட்சியைக் காட்ட வேண்டும், பணிப்பெண்ணாக வந்து அதிகம் பேசாமல் முகத்தாலேயே காட்சியைத் தன் பக்கம் இழுத்துவிடுவார்.

அமெரிக்காவில் இருக்கும் அக்கா அனுப்பிய டிவிடி, ரீஜன் 1 (ரீஜன் என்பது எந்தப் பகுதி பிளேயரில் வட்டு ஓடும் என்று போடும் பூட்டு; அமெரிக்காவுக்கு 1, இந்தியாவுக்கு 5). இடம் கோயம்புத்தூர். வீட்டு பிளேயர் ரீஜன் 5, போட்டதும் ரீஜன் தவறு என்று காட்டி வட்டை வெளியே தள்ளுகிறது. 2012-இல் வாங்கிய விண்டோஸ் 7 மடிக்கணினியில் விஎல்சி என்ற வீடியோ மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன், படம் கட்டம் கட்டமாக உடைகிறது, ஒலி இல்லை. வட்டைத் துடைத்தேன், வேறு டிரைவிலும் போட்டேன், அப்புறம் பக்கத்துக் கடையிலும் கேட்டாயிற்று. மடிக்கணினி டிரைவில் ரீஜன் மாற்ற ஒரே ஒரு வாய்ப்புதான் மிச்சம், அதற்குப் பிறகு நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும்.

அந்தக் கடைசி வாய்ப்பைச் செலவழிக்காமல் இந்த வட்டை ஓட்ட வழி இருக்கிறதா?