ஸ்கேனரும் ஏபியும் திருட்டு: மேக் ஃபில்டரில் நீக்கினால் போதுமா?

கிடங்கு_நெட்: 12 பார்கோடு ஸ்கேனர், 8 லேப்டாப், 4 ஏபி (வைஃபை பரப்பும் பெட்டி). எல்லாவற்றுக்கும் ஒரே டபிள்யூபிஏ2 (வைஃபை பாதுகாப்பு முறை) பாஸ்வேர்டு. ஒரு ஸ்கேனரும் வாசல் பக்கத்து ஏபியும் திருடுபோய்விட்டன. ஸ்கேனரின் மேக் முகவரியை (ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ள அடையாள எண்) அனுமதிப் பட்டியலிலிருந்து நீக்கியாச்சு. மிச்சம் 11 ஸ்கேனரிலும் பாஸ்வேர்டு மாற்றியே ஆகணுமா?

அலைவரிசை: மாற்றியே ஆகணும். மேக் முகவரி காற்றில் மறைக்கப்படாமல்தான் போகிறது. மதிலுக்கு வெளியே நின்றே வேறொரு ஸ்கேனரின் முகவரியைப் பிடித்துத் தன் லேப்டாப்பில் போட்டுக்கொள்ளலாம்.

பாஸ்வேர்டு திருடுபோன ஸ்கேனருக்குள்ளேயே இருக்கும். சில சாதனங்கள் பாஸ்வேர்டை அப்படியே வைக்காது. அதையும் வைஃபை பெயரையும் சேர்த்து 4096 சுற்று அரைத்த 256 பிட் சாவியை மட்டும் வைக்கும். அதில் ஆறுதல் இல்லை, உள்ளே நுழைய அந்தச் சாவியே போதும். இணைப்புத் தொடங்கும்போது நடக்கும் ஹேண்ட்ஷேக்கோடு யாராவது முன்பே பதிவு செய்திருந்தால், அந்தப் பழைய போக்குவரத்தும் திறந்துவிடும். அடுத்த தலைமுறையான டபிள்யூபிஏ3-இல், பழைய போக்குவரத்து திறந்துவிடும் இந்த ஓட்டை இல்லை.

சுவிட்ச்காரர்: அதற்கு முன், ஏபி செருகியிருந்த சுவிட்ச் போர்ட்டை ஷட்டவுன் பண்ணுங்க. அங்கே கேபிள் தொங்கிக்கொண்டிருக்கும். பல இடங்களில் அது ட்ரங்க் போர்ட் (பல நெட்வொர்க்கை ஒரே கேபிளில் சுமப்பது). லேப்டாப்பைச் செருகினால் எல்லா விலேனும் (தனித்தனியாகப் பிரித்த உள் நெட்வொர்க்) கைக்கு வந்துவிடும். ஏபி (மையக் கட்டுப்பாட்டுக் கருவி இல்லாமல்) தனித்து இயங்கும் வகை என்றால் அட்மின் பாஸ்வேர்டும் அதற்குள் இருக்கும். மற்ற மூன்றிலும் அதேதானே? அதையும் மாற்றுங்க.

அலைவரிசை: ஸ்கேனருக்குக் கையால் அடிக்க வேண்டாம். பல கம்பெனிகள் செட்டிங் பார்கோடு தயாரிக்கும் கருவி தருகிறார்கள். ஸ்கேன் செய்தால் முடிந்தது. அந்தத் தாளைச் சுவரில் ஒட்டிவைக்காதீங்க, பாஸ்வேர்டே அதில்தான் இருக்கு.

வேலை நிற்காமலிருக்க, புதுப் பெயரில் இன்னொரு வைஃபை திறந்து, ஒவ்வொன்றாக மாற்றி, பிறகு பழையதை மூடுங்க. ஆனால் லேப்டாப்பில் பழைய பெயரை "மறந்துவிடு" கொடுக்காமல் விட்டால் வினை. திருடன் அதே பெயர், அதே பாஸ்வேர்டில் ஒரு ஏபி வைத்தால் லேப்டாப் தானாகவே அதில் போய் ஒட்டிக்கொள்ளும்.

கிடங்கு_நெட்: அடுத்த முறை இவ்வளவு அலைச்சல் இல்லாமலிருக்க?

சுவிட்ச்காரர்: பொதுப் பாஸ்வேர்டுக்குப் பதில் சாதனத்துக்கு ஒரு டிஜிட்டல் சான்றிதழ், அதாவது இஏபி-டிஎல்எஸ் முறை. ஒன்று தொலைந்தால் அதன் சான்றிதழை மட்டும் ரத்து செய்யலாம். ஆனால் ஃப்ரீரேடியஸில் (சான்றிதழைச் சரிபார்க்கும் சர்வர் மென்பொருள்) ரத்துப் பட்டியலைப் பார்க்கும் வரி முன்னிருப்பாகக் கமெண்ட் செய்யப்பட்டே (செயல்படாதபடி) வரும். அதைத் திறக்காவிட்டால் ரத்தான சான்றிதழும் உள்ளே வரும். ரத்து செய்ததும் அந்த இணைப்பையும் துண்டித்துவிடுங்க. இல்லையென்றால் அடுத்த மறு அங்கீகாரம் வரை ஓடிக்கொண்டேதான் இருக்கும்.