பீரங்கிப் புதிர்: 'ஏற்றுதல்' வேண்டாம், 'கெட்டித்தல்' இருக்கட்டும்

அனைவருக்கும் வணக்கம்.

பசில் பைரேட்ஸ் என்ற கடற்கொள்ளையர் இணைய விளையாட்டுக்குத் தமிழ்ச் சொற்பட்டியல் தொடங்கியதில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி. 2003இல் த்ரீ ரிங்ஸ் நிறுவனம் வெளியிட்ட இந்த விளையாட்டில் கப்பல் வேலை ஒவ்வொன்றும் ஒரு புதிர். பீரங்கிப் புதிரை ஆடாதவர்களுக்குச் சுருக்கமாக: தளத்தில் நான்கு பீரங்கிகள் இருக்கும். மருந்து (வெடிமருந்து), அதை இறுக்கும் அடைபொருள், குண்டு, தண்ணீர் வாளி எல்லாம் தாமாக ஓடிக்கொண்டிருக்கும். தரையில் அம்புக்குறி வைத்து அவற்றைத் திருப்பிவிட வேண்டும். முதலில் மருந்து, அப்புறம் அடைபொருள், கடைசியில் குண்டு. வரிசை தப்பினால் பீரங்கி வீண். தண்ணீர் விட்டுக் கழுவினால்தான் மறுபடி ஆகும். இப்படிப் பீரங்கியை நிரப்புவதை (load) என்னவென்று சொல்வது என்பதுதான் கேள்வி.

> 'ஏற்றுதல்' எல்லாருக்கும் பழகிய சொல். அதையே வைத்துக்கொள்ளலாமே?

பழகிய சொல்தான், சிக்கலும் அதில்தான். விளையாட்டு திறக்கும்போது திரையில் 'ஏற்றப்படுகிறது' என்று வரும். சரக்குக் குண்டுகளைக் கப்பலில் வாங்கிப் போடுவதும் ஏற்றுவதுதான். 'குண்டு ஏற்றியாச்சா?' என்று தலைவர் கேட்டால் கிடங்கைக் கேட்கிறாரா, பீரங்கியைக் கேட்கிறாரா? வாய்வழியே மருந்து போடும் பழைய துப்பாக்கிக்கு 'மருந்து கெட்டிப்பது' என்று நம்மிடம் சொல் இருக்கிறது. அதை எடுத்துக்கொள்வோம். புதிரின் பெயர் 'பீரங்கி கெட்டிப்பு'.

இலங்கை நண்பர் 'இடித்தல்' என்றார். அங்கே அந்த வகைத் துப்பாக்கிக்கு 'இடியன் துவக்கு' என்றே பெயர். அருமையான சொல், எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் இந்த விளையாட்டின் கடற்போரில் கப்பலும் கப்பலும் இடித்துக்கொள்ளும், பாறையிலும் இடிக்கும். 'இடி' என்று ஒருவர் தட்டச்சினால் எதை நினைப்பது? அந்தச் சொல்லைக் கப்பலுக்கே விட்டுவிடலாம்.

> அடைபொருளுக்கு 'அடைதுணி' பொருத்தமாக இருக்கும்.

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். வரிசை தப்பிய பீரங்கியை 'அடைபட்டது' என்போம். 'கெட்டது' என்று சொல்ல வழியில்லை, 'கெட்டித்தது' என்பதோடு காதில் குழம்பும். ஆக 'அடை' என்ற வேர் அந்தப் பழுதுக்கு வேண்டும். அடைபொருளுக்கும் அதே வேரைக் கொடுத்தால், 'மூணாவது அடைச்சாச்சு' என்பது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்றே தெரியாது. 'துணி'யும் சரியில்லை. பாய்க்கப்பல் காலத்தில் பழைய கயிற்றுப் பிரிகளைத்தான் பெரும்பாலும் உருட்டித் திணித்தார்கள். கப்பல் சாயும்போது குண்டு வாய்வழியே உருண்டு வெளியே வராமல் தடுப்பது அதன் வேலைகளில் ஒன்று. எதனால் செய்தாலும் செய்யும் வேலை ஒன்றே. அதனால் என் பரிந்துரை 'தக்கை'. தூண்டிலில் மிதப்பதும் தக்கைதானே என்று கேட்கலாம். பீரங்கி வாய்க்குள் அந்தக் குழப்பம் வராது.

மருந்து, தக்கை, குண்டு, தண்ணீர். நான்கும் சின்னச் சொற்கள், ஒன்றின் ஒலி மற்றதில் கலக்காது.

இன்னொரு சொல்லும் தேவை, ஆட்டத்தின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. புதிதாக ஆடுகிறவர்கள் நான்கு பீரங்கிக்கும் முதலில் மருந்தைப் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் நான்கும் தக்கைக்காகக் காத்துக் கிடக்கும். எதிரே குண்டாக ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று தவறி உள்ளே விழுந்தால் பீரங்கி அடைபடும். அதற்குப் பதிலாக ஒன்று மருந்துக்கும், ஒன்று தக்கைக்கும், ஒன்று குண்டுக்கும் காத்திருக்கும்படி வைத்துக்கொண்டால், எது ஓடிவந்தாலும் அதற்கு ஓர் இடம் இருக்கும். ஒன்று அடைபட்டால்கூடப் பதற வேண்டாம், தண்ணீர் வாளிக்கும் ஒரு வேலை கிடைத்துவிடும். பீரங்கி எதற்குக் காத்திருக்கிறதோ அதை வைத்தே 'மருந்துநிலை', 'தக்கைநிலை', 'குண்டுநிலை' என்று அழைக்கலாம். 'நிலைகளைப் பிரித்து வை' என்று ஒரே வரியில் புதியவருக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

தண்ணீரைப் பற்றியும் ஒன்று. உண்மைக் கப்பலில் சுட்டு முடித்ததும் ஈரத் துடைப்பானை உள்ளே விட்டுத் துழாவுவார்கள். மிச்சத் தணல் இருந்தால் அடுத்த மருந்து கையிலேயே பற்றிக்கொள்ளும். அதனால் 'கழுவுதல்' என்பதைவிட 'தணித்தல்' பொருந்துமோ என்று தோன்றியது. ஆனால் விளையாட்டில் வாளி அடைப்பைத்தான் நீக்குகிறது. 'கழுவுதல்' போதும்.

அம்புக்குறிக்குத்தான் இன்னும் நல்ல சொல் கிடைக்கவில்லை. 'அம்பு' என்றால் போர் விளையாட்டில் ஆயுதமாகிவிடும். 'அம்புக்குறி' அவசரத்துக்கு நீளம். 'திருப்பி' என்று வைக்கலாமா? கருத்துச் சொல்லுங்கள்.