தலைக்கவசமா, தலைமறையா?

வைகைக்கரை:
சாலைப் பாதுகாப்பு வாரத்துக்காக எங்கள் பள்ளிச் சுவரில் வாசகம் எழுதுகிறார்கள். 'தலைக்கவசம்' என்பதை அடித்துவிட்டு 'தலைமறை' என்று திருத்திக் கொடுத்தேன். "தலைமறைவு மாதிரி இருக்கிறதே ஐயா" என்று தலைமை ஆசிரியர் சிரிக்கிறார். கவசம் வடசொல். உடம்பைக் காக்கும் கவசத்துக்கு நம்மிடம் 'மெய்ம்மறை' என்ற பழஞ்சொல் இருக்கிறது. புலவர் குமட்டூர்க் கண்ணனார் சேர மன்னன் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனைப் பாடிய பதிற்றுப்பத்து 14ஆம் பாட்டின் பெயரே 'சான்றோர் மெய்ம்மறை'.

கரிசல்மண்:
நான் தலைமை ஆசிரியர் பக்கம். புறநானூறு 13ஐப் புரட்டுங்கள். யானைமேல் வரும் சோழனைக் காட்டிப் புலவர் முடமோசியார் சொல்கிறார்: 'புலிநிறக் கவசம் பூம்பொறி சிதைய'. அம்பு பாய்ந்து கிழிந்த கவசம் அது. உங்கள் மெய்ம்மறையோ அரசனுக்குச் சொன்ன உவமை; யாரும் உடம்பில் மாட்டிக்கொண்டதாக அந்தப் பாட்டில் இல்லை.

வைகைக்கரை:
பொருள் இல்லாமல் உவமை எப்படி வரும்? சான்றோர் என்றால் அங்கே வீரர்கள். அவர்கள்மேல் விழவேண்டிய அடியை மன்னன் முன்னே நின்று வாங்குகிறான். மெய்ம்மறை என்றதும் கேட்டவர்களுக்குக் கவசம் கண்ணில் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் காட்டும் பாட்டுக்கே பழைய உரைகாரர் 'மெய்புகு கருவி' என்று பொருள் எழுதுகிறார். கவசம் புரியாததால்தானே?

பொருநைக்காரன்:
உரை எழுதப்பட்டதெல்லாம் அந்நியச் சொல் என்றால் புறநானூற்றில் பாதியைத் தள்ளிவிட வேண்டியதுதான்! ரிக் வேதத்தில் போர்க்கருவிகளைப் பாடும் பகுதி (6ஆம் மண்டலம், 75) உடற்காப்பை 'வர்மன்' என்கிறது. மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன் என்று பல்லவர் பெயர்களில் ஒட்டியிருப்பதும் அதுவே. கவசம் என்ற சொல் அதற்குப் பிந்தைய அதர்வ வேதத்தில்தான் தலைகாட்டுகிறது. 'கவிதல்' (மேலே வளைந்து மூடுதல்) என்ற நம் வேரிலிருந்து அங்கே போயிருக்கலாமே?

கரிசல்மண்:
எனக்குச் சாதகமான வாதம்தான், இருந்தாலும் வாங்கமாட்டேன். வானம் கவியும், குடை கவியும். மார்பில் இறுக்கிக் கட்டுவது கவியுமா? ஓசை ஒத்தால் மட்டும் வேர் ஆகிவிடாது. வந்த சொல்லாகவே இருக்கட்டும். கோவிலில் வெள்ளிக் கவசம் சாத்துகிறோம். 2020இல் 'முகக்கவசம்' வந்தபோது யாரும் அகராதி தேடவில்லை. கந்த சஷ்டி கவசம் சொல்லும் பாட்டியிடம் போய் 'மெய்ம்மறை பாடுங்கள்' என்று சொல்வீர்களா?

வைகைக்கரை:
பாட்டியை ஏன் இழுக்கிறீர்கள்? ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மெய்ம்மறை உடம்புக்கான சொல். மெய்யை வெட்டிவிட்டுத் தலையை ஒட்டியது என் அவசரம். ஆனால் 'குண்டு துளைக்காத உடை' என்று நீட்டி முழக்கும் செய்தித்தாள்கள் மெய்ம்மறை என்று எழுதலாம். அதில் பின்வாங்கமாட்டேன்.

பொருநைக்காரன்:
சுவரில் இப்போது என்ன இருக்கிறது?

வைகைக்கரை:
'தலை' வரை எழுதிவிட்டுப் பெயிண்டர் சாப்பிடப் போயிருக்கிறார்.