டாஃப்னியின் விரல் நுனியில் விரிசல்: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். கிரேக்கப் புராணத்தில் அப்பல்லோ துரத்த, டாஃப்னி லாரல் மரமாக மாறும் கணம்தான் நான் செய்யும் களிமண் சிற்பம். உயரம் 45 செ.மீ., உள்ளே வெற்றிடம், சுவர் கனம் 8 மி.மீ. உடல் 25% குரோக் (சுட்டுப் பொடித்த மண்) கலந்த ஸ்டோன்வேர் களிமண். விரல்களிலிருந்து முளைக்கும் இலைகள் 2 மி.மீ. கனப் போர்சலின் (வெள்ளைப் பீங்கான் மண்). இத்தாலியச் சிற்பி பெர்னினி இதே காட்சியை வைத்து 1625இல் முடித்த பளிங்குச் சிலையிலும் இலைகள் மெலிதுதான், ஆனால் பளிங்கு சுருங்காதே!

இங்கே ஸ்டோன்வேர் சுமார் 9% சுருங்குகிறது, போர்சலின் 13%. இரண்டும் ஒரே ஈரப்பதத்தில் இருக்கும்போது கீறி, ஸ்லிப் (மண் குழம்பு) தடவி ஒட்டினாலும், கோன் 6 சூட்டில் (சுமார் 1220°C) காம்பைச் சுற்றி மோதிரம் போல விரிசல் விழுகிறது. தப்பிய இலைகளும் தொங்கிவிடுகின்றன.

உடல் மண்ணையே 60 மெஷ் சல்லடையில் சலித்து, காகிதக்கூழ் சேர்த்து இலை செய்தால் சரியாகுமா? குரோக் போனால் சுருக்கம் கூடும். கூழ் அதை எவ்வளவு ஈடுகட்டும்? கனத்தில் எத்தனை சதவீதம் சேர்க்கிறீர்கள்?

இலைகளுக்கு அடியில் செராமிக் ஃபைபர் (வெப்பம் தாங்கும் இழை) முட்டு கொடுத்துச் சுட்டவர்கள் இருந்தால், கிளேஸ் (பளபளப்புப் பூச்சு) ஒட்டாமல் எப்படிச் சமாளித்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.

மரப்பட்டைக்கு இரும்பு ஆக்சைடு பூசித் துடைப்பது, அதில் குழப்பமில்லை. தனியே சுட்டு எப்பாக்ஸியில் ஒட்டும் யோசனை மட்டும் வேண்டாம். தோல் எங்கே முடிந்து இலை எங்கே தொடங்குகிறது என்று தெரியக் கூடாது.